கதவுப் படம்

அப்பாவோடு உட்கார்ந்து படம் பார்ப்பது, பிரேக்கை மட்டும் தன் காலடியில் வைத்திருக்கும் ஆளோடு காரில் போவது மாதிரி. எப்போது மிதிப்பார் என்று தெரியாது. ஆனால் மிதிக்காமல் விட்டதில்லை. திரையில் ஒருத்தன் துப்பாக்கியை நீட்டிவிட்டான், சுடுவானா மாட்டானா என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, டக். படம் நின்றுவிடும். அப்பா எழுந்து விளக்கைப் போடுவார். எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்க, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்பார்: "சொல்லுங்க. நீங்க அவனா இருந்தா என்ன செய்வீங்க?"

மீதிப் படம் என்ன ஆயிற்று என்று கேட்கக் கூடாது. மீதிப் படம் கிடையாது. "டைரக்டர் என்ன முடிவு பண்ணார்ங்கிறது டைரக்டர் பாடு. அது அவரோட பதில். நமக்குக் கேள்வி போதும்" என்பார். கல்லூரியில் தத்துவம் நடத்திய கடைசி வருடங்களில் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நிறுத்து சார்'. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் சார் நிறுத்துவதை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையானால் கூடத்துத் திரைச்சீலைகளை இழுத்து மூடி, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டரைத் தடித்த புத்தகங்களின்மேல் ஏற்றி வைத்து ஒரு சபையே நடத்தினார்.

சபை என்றால் பெரிய கூட்டமில்லை. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர். வாழ்நாள் முழுக்கத் தீர்ப்புச் சொல்லி அலுத்துப்போய், தீர்ப்பே இல்லாத இடம் ஒன்று கிடைத்ததே என்று வருகிறவர். ஒரு பல் டாக்டர் அம்மா; வாரம் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தன் வாயைத் திறக்க வருகிறவர். அப்புறம் அப்பாவின் பழைய மாணவன் ஒருவன். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எழுதத் தொடங்கி, தலைமுடி நரைக்கத் தொடங்கியும் எழுதிக்கொண்டே இருப்பவன். யார் எதைச் சொன்னாலும் 'ஆனால்' என்றுதான் வாயெடுப்பான் என்பதால் அவன் பெயரே 'ஆனால்' ஆகிவிட்டது. இந்த மூன்று பேரும் அந்தக் கூடத்தில் எத்தனையோ படம் பார்த்திருக்கிறார்கள். ஒரு படத்தின் முடிவும் தெரியாது. அதில் அவர்களுக்குப் பெருமை வேறு.

இவர்களோடு கடைசி நாற்காலியில் அவள். அப்பாவின் ஒரே மகள், முப்பது தாண்டியும் அவருக்குப் 'பாப்பா'. அவள் பிழைப்பு எடிட்டிங். சோப்பு, பெயின்ட், மெத்தை என்று விளம்பரப் படங்களை வெட்டி ஒட்டுகிறாள். ஒரு காட்சியை எங்கே முடிப்பது என்று முடிவு செய்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அப்படிப்பட்டவளைப் பிடித்து, எதுவுமே முடியாத கூடத்தில் உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? ஒருநாள் பல் டாக்டர் அம்மா அவள் தாடையை உற்றுப் பார்த்துவிட்டு, "ராத்திரி தூக்கத்துல பல்லைக் கடிக்கிறியாம்மா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், ஞாயித்துக்கிழமை பகல்லதான்" என்றாள்.

அப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏன் வர வேண்டும் என்றால், அவளுக்கு அப்பாவிடமிருந்து ஒரே ஒரு பதில் வேண்டியிருந்தது. நீளமான பதில்கூட இல்லை. ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று.

அம்மா போய் ஏழெட்டு வருடங்கள் ஆகியிருந்தன. அப்பா அப்போது கல்லூரியில்தான் இருந்தார். வயிற்றில் கட்டி. கண்டுபிடித்தபோதே கைமீறிப் போயிருந்தது. டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், அப்பா மகளுக்குப் போனில் சொன்னார், அம்மாவிடம் மட்டும் வயிற்றில் புண் என்று சொல்லிவைத்தார்கள். அவள் லீவு போட்டு அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, வாசலிலேயே அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "எதையும் காட்டிக்காதே பாப்பா" என்றார். அவளும் காட்டிக்கொள்ளவில்லை. ஒருநாள் மத்தியானம், கட்டிலில் சாய்ந்திருந்த அம்மா சாதாரணமாகக் கேட்டாள்.

"டாக்டர் உங்கிட்ட என்ன பாப்பா சொன்னார்?"

"புண்ணுதாம்மா. மருந்து சாப்பிட்டா ஆறிடுமாம்."

அம்மா புருவத்தை உயர்த்தினாள். முகம் அப்படியே மலர்ந்தது. "அப்படியா! நல்லவேளை" என்றாள். சொல்லிவிட்டு, மடியில் கிடந்த போர்வையின் சுருக்கத்தை இரண்டு கையாலும் நீவிவிட்டாள். அப்புறம் ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரைச்சீலை போடலாம் என்று பேச்சு திரும்பிவிட்டது.

அந்த 'நல்லவேளை' அன்றிலிருந்து அவளைப் பிடித்துக்கொண்டது. அம்மா நம்பித்தான் சொன்னாளா? நம்பியிருந்தால், பெற்ற தாயை அவள் ஏமாற்றி அனுப்பியிருக்கிறாள். நம்பவில்லை என்றால், அம்மா எல்லாம் தெரிந்தே, மகள் மனம் நோகக் கூடாதென்று நடித்திருக்கிறாள். இரண்டில் எது என்று தெரிந்துவிட்டால் ஒரு மூச்சு அழுதுவிட்டு எழுந்திருக்கலாம். தெரியாத வரைக்கும் எதற்கென்று அழுவது? கடைசி வாரங்களில் அம்மா கூடவே இருந்தவர் அப்பா ஒருவர்தான். அவரை விட்டால் கேட்க ஆளில்லை.

நேராகத்தான் கேட்டாள். "அப்பா, அம்மாவுக்குத் தெரியுமா?"

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே இன்னொரு தடவை துடைத்தார். "நல்ல கேள்வி" என்றார். "ஆனா அதுக்கு முன்னாடி பாரு, ஒருத்தருக்கு ஒரு விஷயம் தெரியும்னு நாம எப்பச் சொல்றோம்? சந்தேகப்படறதும் தெரியறதும் ஒண்ணா?"

எதிரே இருந்தது அப்பாவாக இல்லாமல் வேறு யாராவதாக இருந்திருந்தால் கையிலிருந்த டம்ளர் பறந்திருக்கும். பெண்டாட்டி செத்ததைக்கூட இந்த மனிதர் பாடமாக்கிவிட்டாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறமும் விடவில்லை. சாப்பிடும்போது கேட்டாள், நடைப்பயிற்சியில் கேட்டாள், சுற்றி வளைத்துக் கேட்டாள், சண்டை போட்டுக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் கேள்விக்குப் பதிலாக இன்னொரு கேள்விதான் வந்தது. கடைசியில், ஞாயிற்றுக்கிழமை சபையில் உட்கார்ந்தாலாவது படத்தைச் சாக்காக வைத்து வாயைப் பிடுங்கலாம் என்று வர ஆரம்பித்தாள்.

வாகாக ஒரு படமும் இருந்தது. அதற்குச் சபையில் 'கதவுப் படம்' என்று பெயர். கறுப்பு வெள்ளை. பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, இணையத்தில் தேடினால் போஸ்டர்கூடக் கிடைக்காது. எந்தக் காலத்திலோ ஏதோ ஒரு பட விழாவில் யாரோ கொடுத்த நகல் அப்பாவிடம் இருந்தது. ஒரு பஸ் டிரைவர். மனைவி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் அவனிடம் மட்டும் சொல்கிறார். அவன் நீளமான வராந்தாவில் நடந்து வருகிறான். தரையையும் அவன் செருப்பையும் மட்டும் காட்டுகிறார்கள். கடைசியில் அவள் இருக்கும் அறைக்கதவில் கையை வைக்கிறான். டக். அப்பா விளக்கைப் போட்டுவிடுவார். "உள்ள போய்ச் சொல்லணுமா, வேண்டாமா?"

வருடத்துக்கு ஒரு முறையாவது இந்தப் படம் வந்துவிடும். சபையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பது போல மோதிக்கொள்ளும். உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பார் நீதிபதி. எத்தனை பேர் அந்த உரிமையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள், வலிக்காது என்று நான் சொல்லும் பொய்யைத்தானே கேட்டு வாங்குகிறார்கள் என்பார் பல் டாக்டர் அம்மா. 'ஆனால்…' என்று தொடங்கி 'ஆனால்' பேசுவது யாருக்கும் புரியாது. அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த முகத்தில் ஒரு கோடு அசையாது. எல்லோரும் பேசி ஓய்ந்ததும், "ரொம்ப நல்ல விவாதம்" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விடுவார்.

சின்ன வயதில் அவள் பார்த்த அப்பா இப்படியில்லை. தியேட்டரில் படம் முடிந்து, விளக்குப் போட்டு, பெருக்குகிறவர்கள் துடைப்பத்தோடு வந்து காலைத் தூக்கச் சொல்லும் வரைக்கும் பெயர்களைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அவர். அம்மா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொள்வாள். அந்த மனிதர் எப்படி இப்படி ஆனார் என்று அவள் சில சமயம் யோசித்ததுண்டு. வயசாக ஆகத் தத்துவம் முற்றிவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

இந்த வருடமும் கதவுப் படம் போடப்போகிறேன் என்று அப்பா சொன்னபோது, அவள் பொறுமை முழுசாகத் தீர்ந்துபோயிருந்தது. இன்னொரு தடவை அந்தக் கதவு முன்னால் உட்கார்ந்து 'ரொம்ப நல்ல விவாதம்' கேட்டால் தனக்குப் பைத்தியம் பிடிப்பது நிச்சயம் என்று தோன்றியது. ரிமோட்டை ஒளித்துவைத்தால் எழுந்து போய்க் கையாலேயே நிறுத்துவார். பேட்டரியைக் கழற்றினால் வேறு பேட்டரி போடுவார். அப்போதுதான் தொழில் கைகொடுத்தது. அவர் நிறுத்துகிற இடமே படத்தில் இல்லாவிட்டால்?

"டிஸ்க் ரொம்பக் கீறலாயிருக்குப்பா. நல்லதா ஒரு காப்பி எடுத்துத் தரேன்" என்று வாங்கிக்கொண்டு போனாள். வேலையிடத்தில், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், மெத்தை விளம்பரத்தை மூடிவிட்டுக் கதவுப் படத்தைத் திறந்தாள். செருப்பு நடந்து வருகிறது. அடுத்தது கதவு, கை. அப்பாவின் கட்டைவிரல் அழுந்துகிற இடம். அந்த ஷாட்டை இந்த ஓரம் ஒரு வெட்டு, அந்த ஓரம் ஒரு வெட்டு வெட்டித் தூக்கி எறிந்தாள். இப்போது செருப்பு நடந்து வரும், அடுத்த நொடி அறைக்குள்ளே மனைவி கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். ஒட்டு தெரியவே இல்லை. தன் வேலையில் தனக்கே திருப்தி வந்து, சரி, மீதியையும் பார்த்துவிடலாம் என்று ஓட விட்டாள்.

விட்டிருக்கக் கூடாது. திரையில் அந்த மனைவி பக்கத்துக் கட்டில்காரியிடம் கண்ணாடி கேட்கிறாள். "அவர் செருப்புச் சத்தம் கேக்குது. இப்ப வந்து, உனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்வார். நான் சந்தோஷப்படணும்" என்கிறாள். கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துப் பார்க்கிறாள். சரியாக வரவில்லை. புருவத்தை உயர்த்தி இன்னொரு தடவை. இப்போது சரியாக வருகிறது. அவன் உள்ளே வருகிறான், ஒன்றுமில்லை என்கிறான், அவள் அந்த முகத்தைக் காட்டுகிறாள். இரண்டு பேரும் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். அவன் போன பிறகு அந்த முகத்தைக் கழற்றிவைக்கிறாள். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வாயத் தொறந்து சொல்லிட்டா நானும் அழுதிருப்பேன். இவர்கூடச் சேர்ந்து ஒரு தடவை அழணும்னு இருந்தது" என்கிறாள். படம் முடிந்துவிடுகிறது.

சாப்பிட்டு வந்தவர்கள் என்ன ஆச்சு, முகம் ஏன் இப்படியிருக்கு என்று கேட்டார்கள். மெத்தை விளம்பரம் சரியா வரல என்று சொல்லிச் சமாளித்தாள். உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. இந்த முடிவை வைத்துக்கொண்டா இந்த மனிதர் இத்தனை வருடம் கதவோடு நிறுத்திக்கொண்டிருந்தார்? பதில் அந்தப் பக்கமே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, தெரியும் என்றால் என்ன, சந்தேகம் என்றால் என்ன என்று காதில் பூ சுற்றினாரே! ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் இதை ஓட விட்டு, அவர் முகத்தைப் பார்த்து, அப்போதே அங்கேயே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

ஞாயிறு வந்தது. திரைச்சீலைகள் மூடின. நீதிபதி வழக்கம்போல முன் நாற்காலியில் காலை நீட்டினார். படம் ஓடியது. டாக்டர் சொன்னார், டிரைவர் நடந்தான். செருப்புச் சத்தம் தொடங்கியதும் அப்பா நாற்காலி நுனிக்கு வந்தார். கட்டைவிரல் பட்டனுக்கு மேலே நின்றது. அவள் திரையைப் பார்க்கவில்லை, அந்த விரலைத்தான் பார்த்தாள். செருப்பு, செருப்பு, செருப்பு. கதவு வரவில்லை. கட்டிலில் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

விரல் அழுந்தவே இல்லை. நாற்காலி கிறீச்சிட அப்பா எழுந்தார். ரிமோட் தரையில் விழுந்து மூடி கழன்று பேட்டரி உருண்டது. கட்டிலில் இருந்தவள் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் அவர் பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்து மூடிவிட்டார்.

"என்னது, நிக்கல?" என்றார் பல் டாக்டர் அம்மா.

"சார் வெளியே போயிட்டார். ஆனால் படம் ஓடுது" என்றான் 'ஆனால்'. "ஆனால் சார் இல்லாம நாம பார்க்கறது…"

"ஆட்சேபணை நிராகரிக்கப்படுது. உட்காருப்பா" என்றார் நீதிபதி. வாத்தியார் வெளியே போன வகுப்பில் பையன்களுக்கு வருமே ஒரு களை, அது அவர் முகத்தில் வந்திருந்தது.

இதுவும் தப்பித்தலா? அவள் எழுந்து பின்னாலேயே போனாள். பால்கனியில் அப்பா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, காலையில் படித்து முடித்த செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எதிர் மாடியில் யாரோ ஈரத் துணியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்பா ஓடி வந்துட்டீங்க? முடிவு தெரிஞ்சதாலயா?"

"நீதான் வெட்டுனியா?"

"ஆமா, நான்தான் வெட்டுனேன். கேள்வி கேட்டே கொல்றீங்களே, பதில் இருக்கிற பக்கத்தைக் காட்டலாம்னு வெட்டுனேன். அதுல என்ன வருதுன்னு தெரிஞ்சுதான நீங்க அங்கயே நிறுத்தறீங்க? எத்தனை வருஷம்பா? உங்களுக்கு இது எல்லாம் வெளையாட்டா இருக்கு, இல்ல? எங்க அம்மா உங்களுக்கு ஒரு உதாரணம்!"

"நான் பார்த்ததில்ல பாப்பா."

"எதை?"

"மீதியை. ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல."

அவள் நம்பவில்லை. நம்பாததை மறைக்கவும் இல்லை. அப்பா எதிர் மாடித் துணியைப் பார்த்துக்கொண்டே பேசினார். குரல் சபையில் பேசும் குரல் இல்லை.

"படத்தை மொதல்ல உங்கம்மாகூட உட்கார்ந்துதான் போட்டேன். அவளுக்கு உடம்பு முடியாம இருந்தப்ப. கதை என்னன்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா போட்டிருப்பேனா? டாக்டர் அவன்கிட்ட சொல்றார். நிறுத்தினா சந்தேகப்படுவா, ஓட விட்டாலும் வம்பு. அப்படியே உட்கார்ந்திருக்கேன். அவன் கதவுல கை வைக்கறான். உங்கம்மா என் மடியிலேர்ந்து ரிமோட்டை எடுத்தா. அவதான் நிறுத்தினா."

"அம்மாவா?"

"'இதுக்கு மேல வேண்டாம், டீ குடிக்கலாமா'ன்னா. எழுந்திருக்க முடியாது அவளால. நான்தான் போய்ப் போட்டுட்டு வந்தேன். ரெண்டு பேரும் குடிச்சோம். அவ்வளவுதான் நடந்தது."

உள்ளே படத்தின் சத்தம் மெலிதாகக் கேட்டது. கண்ணாடி கேட்டவள் பேசிக்கொண்டிருப்பாள்.

"மறுநாள் வகுப்புல படம் போட அந்த டிஸ்க்தான் கையில இருந்தது. அதே இடம் வந்துது. என்னையறியாம நிறுத்திட்டேன். அதுக்கு மேல என்ன பண்றதுன்னு தெரியல. நீங்களா இருந்தா என்ன செய்வீங்கன்னு பசங்களைக் கேட்டேன். நெஜமாவே தெரியாமத்தான் பாப்பா கேட்டேன். அவங்க அதைப் பாடம்னு நினைச்சுட்டாங்க." அப்பா சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அப்புறம் எந்தப் படம் போட்டாலும் அந்த மாதிரி ஒரு இடம் வந்துடுது. கட்டைவிரல் தானா போயிடுது."

அவள் பல்லைக் கடிப்பதை விட்டிருந்தாள். இத்தனை வருடமாக எதைப் பாறை என்று முட்டிக்கொண்டிருந்தாளோ, அது இப்படி ஒரு பிரம்பு நாற்காலியில் தோள் சுருங்கி உட்கார்ந்திருந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள். இப்போது விட்டால் எப்போதும் இல்லை.

"அப்ப அம்மாவுக்குத் தெரியும்?"

"தெரியும்."

ஒரு சொல். மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை, துடைக்கவில்லை. இதற்காகத்தான் எத்தனை ஞாயிறு! கிடைத்ததும் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது வேறு. போர்வையை நீவிய இரண்டு கைகள்தான் கண் முன்னால் வந்து நின்றன.

"அவளுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்" என்றார் அப்பா. "டீயை ஆத்திக்கிட்டே யோசிச்சேன், இப்பவே போய்ச் சொல்லிடலாமான்னு. அவளே வேண்டாங்கறா, நாம ஏன் சொல்லணும்னு விட்டுட்டேன். அவ உண்மையிலேயே வேண்டாம்னுதான் சொன்னாளா, இல்ல, எனக்காகச் சொன்னாளா? அவளைத் தனியா விட்டுட்டேனா? அதுதான் எனக்குத் தெரியல. யார் யாரையோ கேட்டுப் பார்த்துட்டேன். ஜட்ஜ் ஒண்ணு சொல்றார், டாக்டர் ஒண்ணு சொல்றாங்க." அவர் முதல் முறையாக மகளை நிமிர்ந்து பார்த்தார். "நீ முடிவைப் பார்த்தியே. அவன் உள்ள போய் என்ன பண்றான்? சொல்லிடறானா?"

இவர்கூடச் சேர்ந்து ஒரு தடவை அழணும்னு இருந்தது. அந்த வசனம் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.

"நீங்க என்னப்பா நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று உறைத்தது. தன்னையே ஓங்கி ஒன்று வைக்கலாம் போல் இருந்தது.

"நான் நினைச்சது போதும். நீ சொல்லு" என்றார் அப்பா.

உள்ளே சத்தம் நின்று, விளக்கு எரிந்தது. நீதிபதி நாற்காலியைத் தள்ளும் ஓசை கேட்டது. படத்தின் முடிவு அவர் வாயிலிருந்து வந்தால் தொலைந்தது. "ஒரு நிமிஷம்பா, இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே பாய்ந்தாள்.

பல் டாக்டர் அம்மா டிஷ்யூவால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார். நீதிபதி பால்கனிப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார். "என்ன ஒரு முடிவு! சார்கிட்ட இதை உடனே பேசியாகணும்."

அவள் குறுக்கே நின்றாள். "அங்கிள், அப்பா இதைப் பார்த்ததில்ல. முடிவு என்னன்னு யாரும் அவர்கிட்ட சொல்லக் கூடாது."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பார்த்ததில்லையா? சரி. ஆனா தெரிஞ்சுக்கற உரிமைன்னு ஒண்ணு அவருக்கு இருக்கேம்மா" என்றார் நீதிபதி.

"உரிமை இருக்கட்டும் சார். தெரிஞ்சு அவருக்கு இப்ப என்ன ஆகப்போகுது? வேதனைதானே?" என்றார் பல் டாக்டர் அம்மா.

"ஆனால், மறைக்கறதும் ஒரு வகையில பொய்தான்னு வச்சுக்கிட்டா…"

"இது படமில்ல!" என்று கத்தினாள். அந்தக் கூடத்தில் அவ்வளவு சத்தமாக யாரும் பேசியதில்லை. 'ஆனால்' வாயை மூடிக்கொண்டான். நீதிபதி மெதுவாகப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். உருண்டு கிடந்த பேட்டரியைப் பல் டாக்டர் அம்மா குனிந்து எடுத்தார், எடுத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

அவள் திரும்பி நடந்தாள். பால்கனிக் கதவில் கையை வைத்தாள். உடனே தள்ளவில்லை. உண்மையைச் சொல் சொல் என்று அப்பாவைப் போட்டுப் பிடுங்கியவள் அவள்தான். இப்போது அவர் கேட்கிறார். சொல்லிவிட்டால், அந்த ஒரு வசனத்தை அவர் மிச்ச வாழ்நாள் முழுக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சொல்லாவிட்டால், அவள் இத்தனை வருடம் போட்ட சண்டைக்கு என்ன அர்த்தம்? கதவுக் கண்ணாடியில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. அது அப்பாவிடம் கொண்டுபோகிற முகமாக இல்லை. நெற்றியைத் தளர்த்தி, உதட்டைச் சரிசெய்துகொண்டு, இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறம் தள்ளினாள்.

"நல்லாத்தான்பா முடியுது" என்றாள். "உள்ள போய்ச் சொல்லிடறான். ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க. அவ்வளவுதான்."

அப்பா அவள் முகத்தையே பார்த்தார். எதிர் மாடியில் துணி காயப்போட்டு முடித்து உள்ளே போய்விட்டிருந்தார்கள். அப்புறம் அவர் புருவம் உயர்ந்தது. முகம் அப்படியே மலர்ந்தது.

"அப்படியா!" என்றார். "நல்லவேளை."

சொல்லிவிட்டு, மடியில் கிடந்த செய்தித்தாளின் மடிப்பை இரண்டு கையாலும் நீவிவிட்டார்.